வெங்காயக் கலரில் வந்த காதல் கடிதம்

அத்தியாயம் ஏழு

கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டச் சொன்னதே உள்ளே இருந்த ராஜ்குமார்தான் என்பதுதான் இதில் வேடிக்கை.

"பூட்டிகினு போங்கண்ணா. எவனாவது வந்து தள்ளிப் பார்த்தா இன்னா பண்றது?" என்று காலையில் அவனே கேட்டான். வீரபாகு அண்ணன் ரொம்பத் தயங்குகிறவர் மாதிரி தயங்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். செல்போனையும் கையோடு வாங்கிக்கொண்டார். போலீஸ் டவர் பார்த்துக் கண்டுபிடித்துவிடுமாம்.

அது கமண்டல நாகநதி ஓரமாக மூடிக் கிடக்கும் ஒரு சாயப்பட்டறை. முன்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டு, அதில் பட்டு நூலைச் சாயத்தில் முக்கும் நாலு பெரிய செப்புக் கொப்பரைகள். ஷெட்டுக்குக் கதவு கிடையாது, ஒரு தகரத் தட்டிதான். பின்னால் நூல் வைக்கிற அறை. பத்தடிக்கு எட்டடி, தலைக்கு மேலே கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த அறையில்தான் ராஜ்குமார் காலை எட்டு மணியிலிருந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான். சுவரில் இருந்த பழைய சாயக் கறைகளை எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

முப்பத்திரண்டு வயது. ஆரணியில் சொந்த வீடு, சொந்தத் தறி. பட்டுச் சேலை நெய்வதில் அவனை அசைக்க ஆளில்லை. தறியை விட்டு எழுந்தால் மட்டும் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ரகம்.

நேற்று மாலை ஆறரை மணிக்கும் அப்படித்தான் தலையாட்டினான். ஆற்றங்கரை ரோட்டில் மறைந்து நின்று, காந்தி ரோட்டுப் பட்டுக்கடையின் சூப்பர்வைசர் ஆகாஷை ஒரு கட்டையால் அடித்தான். ஒரே அடி. இடது தோளில். ஆகாஷ் பைக்கோடு சாய்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டான்.

காலையில் அண்ணன் வந்து சொன்னார். "மண்டை பொளந்து போச்சு தம்பி. வேலூர்ல சேர்த்திருக்காங்க, நெனவே இல்ல. செத்தான்னா உனக்குக் கொலக் கேஸு."

தோளில் அடித்தால் மண்டை எப்படிப் பிளக்கும் என்று ராஜ்குமார் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷமாக அவனுக்கு எல்லாமே அண்ணன்தான். கடைக்கும் நெசவாளிகளுக்கும் நடுவில் நின்று, கடை கொடுக்கும் நூலையும் ஜரிகையையும் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிப் போகிற ஏஜென்ட். அதே கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற கலைமகளை ராஜ்குமார் தூரத்திலிருந்து பார்த்து ஏங்கியதை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். 'அவளும் உன்னைக் கேட்டா தம்பி' என்று ஆரம்பித்தார். வீட்டில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்களாம், கடையில் கேமராவாம். அதனால் பேச முடியாது, எழுத முடியாது. கடையிலிருந்து வருகிற நூல் கட்டின் கலரில் பதில் வரும்.

அரக்கு வந்தால், நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராமர் பச்சை வந்தால், பொறுத்திரு. மாம்பழக் கலர் வந்தால், சம்மதம். மாம்பழக் கலர் வந்த வாரம் ராஜ்குமார் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

போன திங்கட்கிழமை வெங்காயக் கலர் வந்தது. "கஷ்டத்துல கீறா. அந்த ஆகாஷ் பயல் தொல்லை தாங்கல. ஒரு தட்டு தட்டி வெச்சீன்னா அடங்குவான்" என்று அண்ணன் அதற்கு அர்த்தம் சொன்னார்.

இப்படி ஒருவன் இருப்பானா என்று கேட்காதீர்கள். இருந்தான், பூட்டிய அறைக்குள்.

*

மணி இரண்டுக்கு வீரபாகு மறுபடி வந்தார். கையில் சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு நோட்டு, ஒரு பேனா.

"முதல்ல சாப்புடு. நாலு மணிக்கு வேன் வருது. பெங்களூர்ல நம்ம ஆளு வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வா. அதுக்குள்ள நான் எல்லாத்தையும் பைசல் பண்ணிடறேன்."

"கலைமகளுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாம இருக்குமா? அழுதுகினு இருக்கா. ரெண்டு வரி எழுதி வெய்யி, குடுத்துடறேன்."

"இன்னா எழுதறது?"

"மனசுல இருக்கறத எழுது. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு, நான் போறேன், இனிமே உன் கண்ணுல பட மாட்டேன்னு எழுது. எந்த ஊருன்னு போடாத. பேரு போட்டு எழுதாத, மாட்டிக்குவா. கீழ உன் கையெழுத்து மட்டும் போடு."

அண்ணனின் மூளையை நினைத்து ராஜ்குமாருக்குப் பெருமையாக இருந்தது. பூட்டு மறுபடி விழுந்தது. அவன் சாப்பிட்டுவிட்டு, அழகான கையெழுத்தில் எட்டு வரி எழுதினான்.

*

"மாப்பிள்ளை உள்ளதான் கீறாரு மேடம். சாப்புட்டு எல போட்டாச்சு."

குரல் மேலேயிருந்து வந்தது. ராஜ்குமார் துள்ளி எழுந்தான். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். முறுக்கிய மீசை, நெற்றியில் வியர்வை.

"யா... யாரு?"

"காத்தவராயன். ஊரு கண்ணமங்கலம். பயப்படாத நைனா, ஒரு பழைய ட்ரம்மு மேல நிக்கறேன். அது எப்ப உள்ள போவும்னு தெரியல, அதனால மேடம் ஜல்தியா பேசிடுவாங்க."

மீசை இறங்கியது. அந்த இடத்தில் ஐம்பது வயதுப் பெண்மணியின் முகம் வந்தது. மூக்குக் கண்ணாடி, நரை கலந்த கிராப்பு. பெயர் அமலா. வேலூரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். நேற்று இரவு பட்டுக்கடை முதலாளி போன் போட்டதும், அந்த மீசைக்கார உதவியாளனோடு முதல் பஸ்ஸில் ஆரணிக்கு வந்தவள்.

"ராஜ்குமார்தானே? இது உன்னுதா பாரு."

கம்பிக்கு நடுவே இரண்டு விரல்களில் எதையோ பிடித்துக் காட்டினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள், நூல் சுற்றிப் போடுகிற தார்க்குச்சி. சுண்டுவிரல் நீளம். அதில் வெங்காயக் கலர் பட்டு நூல் சுற்றியிருந்தது.

ராஜ்குமாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"ஆகாஷ் விழுந்து கெடந்த எடத்துல இது இருந்துச்சு. போலீஸ்காரங்க குப்பைன்னு விட்டுட்டாங்க. பாக்கெட்ல தார்க்குச்சிய வெச்சிகினு சுத்தறவன் யாருன்னு காலையிலேருந்து தேடிகினு இருக்கேன்."

"அது... எந்தத் தறியில வேணா இருக்கும்."

"அதே சந்தேகந்தான் எனக்கும். அந்தக் கடைக்கு நெய்யற பன்னெண்டு வீட்டுக்கும் போனேன். பன்னெண்டு பேரும் தறியச் சுத்தித் துணி கட்டி மறைச்சி வெச்சிருக்காங்க. புது டிசைன், பவர்லூம்காரன் காப்பி அடிச்சிடுவான், பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்டாதன்னு வீரபாகு சொன்னாராமே?"

"ஆமா. அது வழக்கம்தானே?"

"வழக்கந்தான். மொதலாளி லெட்டரைக் காட்டித் துணிய விலக்கிப் பார்த்தேன். பன்னெண்டுலயும் இதே வெங்காயக் கலர். பதினோரு தறி ஓடிகினு இருந்துச்சு. தறிக்கு லீவுன்னா அமாவாசைக்குத்தான், அதுக்கு இன்னும் ஆறு நாள் கீது, பன்னெண்டாவது தறி மட்டும் லீவுல இருந்துச்சு. அது உன்னுது."

ராஜ்குமார் காதில் கடைசி வாக்கியம் விழவே இல்லை.

"பன்னெண்டுலயுமா?"

"அத்தனையிலயும். போன மாசம் மாம்பழக் கலரு, அதுக்கு முன்ன ராமர் பச்ச. எல்லா வீட்டுலயும் அதே வரிசை."

ராஜ்குமார் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான். கலைமகள், கலர், அர்த்தம் எல்லாம். கீழேயிருந்து காத்தவராயன் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது, பிறகு அடக்க முடியாமல் போனது.

"நைனா, அந்தப் பன்னெண்டுல ஒருத்தருக்கு எழுவத்தி நாலு வயசு. வாய்ல பல் செட்டு. அவருக்கும் கலைமகள் மாம்பழக் கலர்ல சம்மதம் சொல்லி அனுப்பிச்சாளா?"

ராஜ்குமார் யோசித்தான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நம்ப வேண்டும் என்று தீர்மானித்தவனுக்கு வழியா கிடைக்காது?

"எனக்கு மட்டும் தனியா அனுப்பினா சந்தேகம் வரும் இல்ல? அதான் எல்லாருக்கும் அனுப்பியிருப்பா."

ஜன்னலுக்கு வெளியே ட்ரம் ஒருமுறை கிறீச்சிட்டது.

"மேடம், இவன் நம்ம கைக்கு அடங்க மாட்டான்" என்றான் காத்தவராயன்.

அமலா செல்போனை நீட்டினாள். படத்தில் ஒரு வீட்டு வாசல். வீரபாகுவின் மனைவி தெய்வநாயகி கையில் கரண்டியோடு நிற்கிறாள். கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலை, அரக்கு பார்டர், பார்டரில் அன்னம். அந்தச் சேலையை ராஜ்குமார் இருபத்தேழு நாள் உட்கார்ந்து நெய்தான். கலைமகளுக்கு என்று அண்ணன் கையில் கொடுத்தான். அப்படி மொத்தம் நாலு சேலை.

"மத்தியானம் வீரபாகுவைத் தேடி வீட்டுக்குப் போனேன். மீன் கொழம்பு கொதிச்சிகினு இருந்துச்சு. அவர் சாப்புட வரலையான்னு கேட்டேன். இப்பதான் சாப்புட்டுக் கௌம்பினார்னு சொன்னாங்க. தெருமொனையில பார்த்தா, அதே ஆளு மெஸ்ல ஒரு சாப்பாடு பார்சல் வாங்கிகினு கீறாரு."

"மீன் கொழம்பு தின்னுட்டு வந்து எவனாவது சாம்பார் சாதம் பார்சல் வாங்குவானா?" என்றான் காத்தவராயன். "பின்னாடியே வந்துட்டோம்."

"அண்ணிகிட்ட அவ குடுத்து வெச்சிருக்கலாம்" என்றான் ராஜ்குமார். குரலில் முன்பு இருந்த பலம் இல்லை.

அமலா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எத்தனை அடி அடிச்ச?"

"ஒண்ணு. தோள்ல."

"டாக்டர் ரெண்டுன்னு சொல்றாரு. ஒண்ணு தோள்ல கட்டையால. இன்னொண்ணு மண்டையில கல்லால. நல்ல ஜரிகைய எடுத்துக்கினு மட்ட ஜரிகைய உங்க தலையில கட்டினது யாருன்னு ஆகாஷ் கண்டுபுடிச்சி நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. இன்னிக்கி மொதலாளிகிட்ட சொல்றதா இருந்தாரு. வெளிய வா, பூட்ட ஒடைக்க ரெண்டு நிமிஷம் ஆவாது."

ராஜ்குமார் கதவைப் பார்த்தான். வெளியே போனால் போலீஸ். உள்ளே இருந்தால் அண்ணன். அந்த அறையில் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. வெளியே போனால் இன்னொன்றும் போய்விடும். மாம்பழக் கலர் வந்த அந்த மூன்று நாள்.

"நான் வரலை மேடம். அண்ணன் நாலு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காரு."

அமலா அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன் இஷ்டம். ஆனா ஒண்ணு, இது யாருக்கும் தெரியக் கூடாது. ஆகாஷ் கண்ணு முழிச்சிட்டாரு. ரெண்டாவது அடிய அடிச்சவன் மூஞ்சியப் பார்த்தாராம். அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட்கிட்ட வாக்குமூலம். வீரபாகுகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. சத்தியம்?"

"சத்தியம்" என்றான் ராஜ்குமார்.

முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. ட்ரம் உருளும் சத்தம் கேட்டது. "அம்மாடி" என்று காத்தவராயன் முனகுவதும் கேட்டது.

*

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பூட்டு திறந்தது. வீரபாகு ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார். முதலில் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்தார். ராஜ்குமாரின் சட்டைப் பையிலேயே அதைச் சொருகினார்.

"உங்ககிட்டதானேண்ணா இருக்கணும்?"

"இப்போதைக்கு உன்கிட்டயே இருக்கட்டும்."

ராஜ்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சொல்லக் கூடாது. சத்தியம் செய்தாயிற்று.

"சாப்புட்டியா தம்பி?" என்றார் வீரபாகு. தோளில் கை வைத்தார். "மூஞ்சி வாடிப் போயி கீதே."

அவ்வளவுதான். அம்மா போன பிறகு இந்த ஒரு வருஷத்தில் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் இவர். அவன் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணா, ஆகாஷ் கண்ணு முழிச்சிட்டானாம். அஞ்சு மணிக்கு வாக்குமூலமாம். ஜன்னலாண்ட ஒரு மேடம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. அடிச்சவன் மூஞ்சியப் பார்த்தானாம்!"

தோளில் இருந்த கை இறங்கியது.

"என் பேரச் சொல்லிட்டானா?"

"உங்க பேரா?" ராஜ்குமாருக்குப் புரியவில்லை. "உங்க பேரு எதுக்குண்ணா வருது?"

"குப்புறதானே கெடந்தான்... பின்னாலேருந்துதானே போட்டேன்... எப்படிப் பார்த்திருப்பான்?" வீரபாகு தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகுதான் எதிரே ஒருவன் நிற்பது ஞாபகம் வந்தது. குரல் உடனே தேனாயிற்று. "தம்பி, நீ ஓடிட்ட. அவன் எழுந்திரிக்கப் பார்த்தான். போலீஸ்ல உன்னதான் சொல்லியிருப்பான். உனக்கோசரம்தான்டா அந்தக் கல்லத் தூக்கினேன். சரி, ஜல்தி, நேரமில்ல."

பையிலிருந்து கயிறு ஒன்றை எடுத்தார். புத்தம் புதிய நைலான் கயிறு. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"கயிறு எதுக்குண்ணா?"

"மூட்டை கட்ட."

அந்த அறையில் மூட்டை எதுவும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, சாப்பிட்ட இலை, அவன். வீரபாகுவின் கண் மேலே கூரை உத்தரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பியதை ராஜ்குமார் பார்த்தான். சட்டைப் பையில் இருந்த கடிதம் நெஞ்சில் உறுத்தியது. ஊரும் பேரும் இல்லாமல், நான் போறேன், மன்னிச்சிடு என்று தன் கையெழுத்திலேயே தான் எழுதியிருப்பதன் அர்த்தம், வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே அவனுக்கு விளங்கியது.

"அண்ணா, வேணாம்ணா" என்று பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரில் முட்டியது.

"கொஞ்ச நேரந்தான் தம்பி."

"அவ்ளோ நேரம்கூட எங்களால தாங்க முடியாது சார்" என்றது ஒரு குரல்.

வாசலில் காத்தவராயன் நின்றான். இவ்வளவு நேரம் செப்புக் கொப்பரைக்குள் குந்தியிருந்ததில் வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. அவனைத் தள்ளிக்கொண்டு, அமலா போன் போட்டு வரவழைத்திருந்த ஆரணி எஸ்.ஐ. உள்ளே வந்தார். அடுத்து அமலா, கையில் செல்போன், அது பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

வீரபாகு பாய்ந்தார். காத்தவராயன் காலை நீட்டினான். அப்புறம் நடந்தது ஐந்து வினாடி விவகாரம், அதில் துப்பறிய எதுவும் இல்லை.

*

விலங்கு மாட்டி வீரபாகுவை ஜீப்பில் ஏற்றிய பிறகு, ராஜ்குமார் ஷெட்டில் ஒரு கொப்பரை ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"ஆகாஷ் நெஜமாவே கண்ணு முழிச்சிட்டாரா மேடம்?"

"இல்ல. பொழச்சிக்குவாருன்னு மட்டும் டாக்டர் சொல்றாரு."

"அப்ப எங்கிட்ட சத்தியம் வாங்கினது?"

"நீ மீறுவன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்." அமலா அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "அந்த ஆளு உன்ன ஏமாத்தி ஒருத்தர அடிக்க வெச்சான். நானும் உன்ன ஏமாத்தித்தான் அவனப் புடிச்சேன். எனக்கே அசிங்கமாத்தான் கீது. மன்னிச்சிடுப்பா."

அவனுக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கோபம். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று மிச்சமிருந்தது, அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அர்த்தமெல்லாம் அண்ணன் கட்டினதுதான். ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கலரெல்லாம் அவ கையால எடுத்து வெச்சதுதானே மேடம்? அதாவது நெசமா இருக்குமில்ல?"

அமலா காத்தவராயனைப் பார்த்தாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் அந்த மனிதன் தலையைக் குனிந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கலைமகள் டிசைன் மட்டுந்தான் போடுவாங்க. எந்தத் தறிக்கு எந்தக் கலர்னு எடுத்துக் கட்டி அனுப்பறது சூப்பர்வைசரோட வேலை. ஆகாஷோட வேலை."

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து தகரத்தைத் தட்டியது. ஒரு வருஷமாகத் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்த அத்தனை கலரையும் பொறுக்கிக் கட்டிய கையைத்தான் அவன் நேற்று மாலை கட்டையால் அடித்துச் சாய்த்திருந்தான். ராஜ்குமார் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாரும் தடுக்கவில்லை.

எஸ்.ஐ. காகிதம் செருகிய அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்த மொத அடி உன்னுதுதான், அதுக்கு நீ கோர்ட்டுக்கு வந்துதான் ஆவணும். ஆனா நடந்தத நடந்தபடி சொன்னீன்னா ரெண்டாவது அடி உன் தலையில விழாது. சொல்றியா?"

"சொல்றேன் சார்."

"ஆகாஷுக்கும் உனக்கும் முன்விரோதம்?"

"கெடையாது சார்."

"அப்புறம் எதுக்கு அடிச்ச?"

"கலைமகளுக்கு அவரு தொல்லை குடுக்கறாருன்னு சொன்னாங்க. நம்பிட்டேன்."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "அந்தப் பொண்ணு உனக்கு இன்னா வேணும்?"

ராஜ்குமார் வாயைத் திறந்தான். சொல்ல வந்த வார்த்தை ஒரு வருஷமாகத் தயாராக இருந்த வார்த்தை. அதைச் சொன்னால் மறுபடி அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார வேண்டியதுதான். அவன் அதை விழுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னான்.

"ஒண்ணும் இல்ல சார். அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது."